வீமன் சுமந்ததும் வீமன் அடித்ததும்

அரக்கு மாளிகை தீப்பற்றி எரிந்த இரவில் வீமன் செய்த செயலை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். தாயைத் தோளில் ஏற்றினான். நகுல சகாதேவரை இடுப்பில் இருத்தினான். தருமனையும் அருச்சுனனையும் கைகளில் பற்றிக்கொண்டான். காட்டு வழியே காற்றெனக் கடந்தான். ஆளுக்கு 60 கிலோ என்று குறைவாகவே வைத்துக் கணக்கிட்டாலும் அந்தச் சுமை 300 கிலோ ஆகிறது. அதே வீமன் பின்னொரு நாள் சராசந்தனோடு மற்போர் புரிந்தான். ஒரே அடியில் வென்றானா? இல்லை, போர் நாட்கணக்கில் நீண்டது.

300 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், ஒரே ஒரு மனிதனை வீழ்த்த ஏன் இத்தனை நாள் மல்லுக்கட்ட வேண்டும்? கதை கேட்டவர் எவரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. காரணம் எளியது. சுமையை நாம் பூமியோடு வைத்து அளக்கிறோம். அடியை எதிரியோடு வைத்து அளக்கிறோம். ஆள் ஒருவன்தான், அளவுகோல்கள் இரண்டு.

இந்தச் சிறிய உண்மையை மறந்தால், நம் விடுதிகளில் மாலை நேரங்களில் நண்பர்கள் கூடி ஆடும் கதையாட்டம் குலைந்துபோகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டம் யாது?

அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். அவரை நடத்துநர் என்போம். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கிறார்கள்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். மாந்தரின் திறமைகள் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். செயல் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. கதை வளர வளர மாந்தரும் முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலை வரை உயர்வர். அடி வாங்கினால் குறையும் எண்ணுக்கு ‘ஹிட் பாயிண்ட்’ என்று பெயர். நாம் உயிர்ப்புள்ளி என்று சொல்லிக்கொள்வோம்.

மாந்தரின் ஆறு குணங்களில் ஒன்று வலிமை. சராசரி மனிதனுக்கு அது 10. இந்த ஒரே எண்தான் அவன் எவ்வளவு சுமப்பான் என்பதையும், அவன் வெட்டு எவ்வளவு சேதம் செய்யும் என்பதையும் கூறுகிறது. தொடக்க நிலைகளில் இதனால் தொல்லை ஒன்றும் இல்லை. வலிமை 10க்கும் 16க்கும் இடையே நிற்கும்போது எல்லாக் கணக்கும் ஒழுங்காகவே தோன்றும். உயர்நிலைக்குச் சென்று, வலிமை 25ஐயும் 30ஐயும் எட்டும்போதுதான் இரண்டு கணக்கும் இரு திசையில் ஓடத் தொடங்குகின்றன.

இரட்டிப்பதும் கூட்டுவதும்

2000இல் வந்து 2003இல் திருத்தம் பெற்ற மூன்றாம் பதிப்பை முதலில் பார்ப்போம். அதன் சுமைப் பட்டியலில் வலிமை 10 உடையவன் அதிகமாகச் சுமக்கக்கூடியது 100 இராத்தல். அதாவது 45 கிலோ. நம் ஊரில் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பழக்கமில்லாத ஒருவரை ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பட்டியல் பொய் சொல்லவில்லை என்பது விளங்கும். வலிமை 15 என்றால் 200 இராத்தல். 20 என்றால் 400. 25 என்றால் 800. 30 என்றால் 1,600. ஐந்து புள்ளி ஏறும்போதெல்லாம் சுமை இரட்டிக்கிறது.

சேதமோ இப்படி ஏறுவதில்லை. வலிமையிலிருந்து 10ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் வருவது கூட்டுத்தொகை. வலிமை 20க்கு 5, 30க்கு 10. அதைப் பகடையில் விழும் எண்ணோடு கூட்ட வேண்டும், அவ்வளவே. இருகை வாளாயின் மூன்றாம் பதிப்பில் அந்தத் தொகை ஒன்றரை மடங்காகும். அப்போதும் அது கூட்டல்தான், பெருக்கல் அன்று.

ஆகவே வலிமை 10லிருந்து 30க்கு ஏறியவனின் சுமை பதினாறு மடங்கு ஆகிறது. அவன் வெட்டுக்கோ வெறும் பத்துப் புள்ளி சேர்கிறது. “இது என்ன அநியாயம்!” என்று புதிதாக ஆடுவோர் கேட்பதுண்டு.

அறிவியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஒலியை டெசிபெல்லில் அளக்கிறோம். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்கு. தாளில் எழுதும் எண் மெல்ல நடக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ஆற்றல் தாவித் தாவி ஓடுகிறது. நிலநடுக்கத்தின் அளவுக்கும் இதே முறைதான். இவற்றை மடக்கை அளவுகள் என்போம். மூன்றாம் பதிப்பின் வலிமையும் சுமையைப் பொறுத்தவரை ஒரு மடக்கை அளவு. ஒரு கிராமத்தானும் ஓர் அரக்கனும் ஒரே தாளில் அடங்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

இரண்டையும் பிணைத்தால்

“சுமையைப் போலவே சேதமும் இரட்டிக்கட்டுமே” என்றால் என்ன நேரும்? கணக்கிட்டுப் பார்ப்போம். இதற்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் எண்களை எடுத்துக்கொள்கிறேன். இன்று பெரும்பாலோர் ஆடுவது அதையும் 2024இல் வந்த அதன் திருத்தத்தையுமே.

இருபதாம் நிலை வாள்வீரன் தன் முறை வரும்போது நான்கு முறை வெட்டுவான். பெருவாளின் சேதம் இரண்டு பகடை, சராசரி 7. வலிமை 20க்கு உரிய 5ஐச் சேர்த்தால் வெட்டுக்கு 12; நான்கும் பட்டால் 48. 2014 நூலில் முதிய செந்நாகத்துக்கு, அதாவது மிகப் பெரிய சிவப்பு டிராகனுக்கு, உயிர்ப்புள்ளி 546. தனியே நின்று வெட்டினால் பன்னிரண்டு சுற்று ஆகும். நால்வர் கூடி அடித்தால் மூன்று நான்கு சுற்றில் முடியும். நல்ல போர்! ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு முறை வாய்ப்பு வருகிறது. அச்சமும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

இப்போது வீரன் புயல் அரக்கனின் இடைக்கச்சையை அணிகிறான்; வலிமை 29 ஆகிறது. விதிப்படி வெட்டுக்கு 16, முறைக்கு 64. தனியாளாக ஒன்பது சுற்று. மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடியது, தகும். சுமைக் கணக்கில் ஏறியிருந்தாலோ? பழைய பட்டியலில் 20க்கு 400 இராத்தல்; 29க்கு 1,400. மூன்றரை மடங்கு. வெட்டுக்கு 42, முறைக்கு 168. நான்கே சுற்றில், ஒற்றை ஆளாக, டிராகன் மாண்டுபோகும். வலிமை 40 என்று ஒருவன் வந்தால் பதினாறு மடங்கு. முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. எஞ்சிய மூவரும் கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த ஒருவனை மனத்தில் வைத்து நடத்துநர் எதிரியின் உயிரை ஏற்றினாலோ, மற்றவர் அடிக்கும் அடி கடலில் கரைத்த பெருங்காயம் ஆகும்.

எனவே சேதம் கூட்டலாகவே ஏறுவது அநியாயம் அன்று. அது ஆட்டத்தின் உயிர்.

நேர்கோட்டின் தொல்லை

ஐந்தாம் பதிப்பார் மறுபக்கம் சாய்ந்தார்கள். பட்டியல் எதற்கு, எளிய வாய்பாடு போதும் என்றார்கள். வலிமையைப் பதினைந்தால் பெருக்கினால் சுமக்கும் இராத்தல். முப்பதால் பெருக்கினால் தூக்கவோ தள்ளவோ கூடிய இராத்தல். 2024 திருத்தமும் இதை மாற்றவில்லை. மனக்கணக்காகவே போட்டுவிடலாம், அந்த அளவில் பாராட்டத்தக்கதே.

ஆனால் உண்மை மனிதரோடு ஒப்பிடுக. 2021இல் தாஷ்கண்டில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 267 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். வலிமை 20க்கு வாய்பாடு தரும் எல்லை 600 இராத்தல், அதாவது 272 கிலோ. உச்சியில் பொருந்துகிறது! அதே 2021இல் டோக்கியோவில் நம் மீராபாய் சானு, 49 கிலோ எடைப்பிரிவில் 115 கிலோவைத் தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். 115 கிலோ என்பது ஏறத்தாழ 254 இராத்தல். வாய்பாட்டின்படி அதற்கு வலிமை 9 போதும். ஒலிம்பிக் வீராங்கனை சராசரி மனிதனுக்கும் ஒரு படி கீழே! தூக்குவதை எந்த உயரம் வரை என்று வாய்பாடு பிரித்துச் சொல்லவில்லை என்பது மெய்தான். ஆயினும் தெருவில் போகும் எவரும் 136 கிலோவைத் தூக்கிவிடலாம் என்று கூறும் விதியை எப்படி ஏற்பது? தலைக்கு மேல் தூக்குவதற்கென்று தனி எல்லை கூறும் பழைய பட்டியலில் மீராபாய்க்கு வலிமை 17 வேண்டும், தலகாட்சேக்கு 23. அது நம் உள்ளத்துக்கு ஒப்புகிறது.

இனி வீமனைப் பார்ப்போம். ஐந்தாம் பதிப்பில் எவரும் தாண்ட முடியாத எல்லை வலிமை 30. அந்த எல்லையில் நிற்பவன் சுமப்பது 450 இராத்தல்; 204 கிலோ. தாயையும் தம்பியர் இருவரையும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற இருவரைத் தீயில் விட்டுவர வேண்டும். ஐவரையும் தூக்கித்தான் தீருவேன் என்றால், சுமை எல்லை மீறியதால் ஆறு வினாடிக்கு ஐந்தடி வீதம் நகரலாம். மாளிகையோ எரிந்துகொண்டிருக்கிறது! பழைய பட்டியலிலோ வலிமை 24 உள்ளவனே 700 இராத்தல் சுமந்துவிடுவான்.

அரக்கர் கணக்கு

உருவம் பெருத்தவர்க்கு மட்டும் ஐந்தாம் பதிப்பு சற்று இரங்குகிறது: உருவம் ஒரு படி பெருத்தால் சுமை இரட்டிக்கும். இங்கே இயற்பியலைத் துணைக்கு அழைக்கலாம். உருவம் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு ஆகும். எலும்பின், தசையின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும் என்பதை 1638இல் வெளியான நூலில் கலிலியோ விளக்கினார். ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையில் இதைக் கதைகளில் வரும் அரக்கருக்கே பொருத்திக் காட்டினார்: பத்து மடங்கு உயர்ந்தவன் ஆயிரம் மடங்கு கனப்பான், அவன் எலும்போ நூறு மடங்கே தடித்திருக்கும், அடியெடுத்து வைத்தால் தொடையெலும்பு முறியும். இந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

மூன்றாம் பதிப்பை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன், வியப்பாக இருந்தது. அதில் மனித உருவம் ஒரு படி பெருத்தால், அதாவது உயரம் இரட்டித்தால், வலிமையில் 8 கூடும். அத்துடன் சுமையும் இரட்டிக்கும். வலிமை 10 உடையவன் 100 இராத்தல் சுமந்தான். அவன் பெருத்து 18 ஆனால் பட்டியல் 300 என்கிறது. உருவத்துக்காக இரட்டித்தால் 600. ஆக ஆறு மடங்கு. கலிலியோவின் நான்குக்கும் எட்டுக்கும் நடுவே நிற்கிறது! தசை மட்டும் என்றால் நான்கு மடங்குதான் வர வேண்டும். கதையரக்கன் சற்றே மிஞ்சியவன் என்று கொண்டால் ஆறு நியாயமே. அதே வேளையில் அவன் பெருவாளின் சராசரிச் சேதம் 7லிருந்து 16½ ஆகிறது. இரண்டரை மடங்குக்கும் குறைவு. சுமை ஆறு மடங்கு, அடி இரண்டரை மடங்கு. இரண்டு அளவுகோலும் தத்தம் வழியே செல்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

யாருக்கு இழப்பு?

“சுமையில் என்ன இருக்கிறது? உயர்நிலையில் எவர் மூட்டை எண்ணுகிறார்?” என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி இருக்கிறது.

எங்கள் விடுதி மேசையில் வாள்வீரனாக ஆடும் நண்பன் ஒருவன் உண்டு. பதினோராம் நிலையில் இருந்தோம். வழியில் சரிந்து கிடந்த கல் ஒன்றை அகற்ற வேண்டியிருந்தது. அவன் வலிமை 20. 600 இராத்தல்தான் எல்லை. மந்திரவாதியாக ஆடுபவர் ‘டெலிகினெசிஸ்’ என்ற மந்திரத்தைச் சொன்னார், கல் நகர்ந்தது. நண்பன் தாளை மூடி வைத்துவிட்டு, “அப்படியானால் எனக்கு என்னடா வேலை?” என்றான். எவரும் விடை சொல்லவில்லை.

விதிநூலைப் புரட்டினால் அவன் வருத்தம் நியாயமானதே. ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி ஒன்பதாம் நிலையிலேயே பெறக்கூடிய அந்த மந்திரம் 1,000 இராத்தல் வரை நகர்த்தும். இருபதாம் நிலை வரை உழைத்த வீரனின் வலிமை 20 என்றால் அவன் எல்லை 600. தசையே இல்லாதவன் தசையே தொழிலானவனை வென்றுவிடுகிறான். மூன்றாம் பதிப்பில் அதே மந்திரம் நிலைக்கு 25 இராத்தல் வீதம் ஏறி 375ஓடு நின்றுவிடும். வலிமை 20 உள்ள வீரனோ 400ஐத் தலைக்கு மேல் தூக்குவான், 800ஐத் தரையிலிருந்து கிளப்புவான். அங்கே ஒருவன் தொழிலை மற்றவன் பறிக்கவில்லை.

சுமைத்திறன் என்பது வீரனின் ஏட்டில் போர் அல்லாத இடத்தில் அவனுக்கென்று எழுதப்பட்ட சில வரிகளுள் ஒன்று. அதைச் சுருக்கினால், வாள் உறையில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு நண்பன் சும்மா உட்கார்ந்திருப்பான். ஆட்டம் நண்பர்களுக்காகத்தானே?

என்ன செய்யலாம்?

சேதத்தில் கை வைக்க வேண்டாம். சுமையை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் மேசையில் இப்போது நாங்கள் கொண்டுள்ள நான்கு ஏற்பாடுகளைக் கூறுகிறேன்.

முதலாவது: வலிமை 10க்கு 45 கிலோ, ஐந்து ஏறினால் இரட்டி. 15க்கு 90, 20க்கு 180, 25க்கு 360, 30க்கு 720. இது சுமந்து நடக்கும் அளவு. தரையிலிருந்து சற்றே கிளப்புவதற்கு இதன் இரு மடங்கு. அரக்கக் கச்சை அணிந்த வீரன் இப்போது மந்திரவாதியைத் தாண்டிவிடுகிறான். கச்சை இல்லாதபோது மந்திரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

இரண்டாவது: உயர்நிலையில் கயிற்றையும் பந்தத்தையும் எடை போட வேண்டாம். 500 இராத்தல் கொள்ளும் மாயப்பை ஒவ்வோர் இடுப்பிலும் தொங்கும்போது அது வீண் வேலை. அந்தப் பை செய்ய முடியாததை எடை போடுக. பையின் வாய் இரண்டடி அகலம்தான். கோட்டைக் கதவு அதில் நுழையாது. உயிருள்ளவர் உள்ளே புகுந்தால் பத்து நிமிடத்துக்கே மூச்சு. இருவர் புகுந்தால் ஐந்து. ஆகவே மயங்கி விழுந்த நண்பன், சரிந்த தூண், கவிழ்ந்த தேர் ஆகியவையே உயர்நிலைச் சுமைகள். நடத்துநர் ஒவ்வோர் அமர்விலும் இவற்றுள் ஒன்றையாவது வழியில் வைக்கட்டும்.

மூன்றாவது: சுமையைச் சேதமாக மாற்றும் குறுக்குவழியை அடைத்துவிட வேண்டும். “அரை டன் தூணைத் தூக்கி அவன் தலையில் போடுகிறேன்” என்று எவரேனும் சொல்லத்தான் சொல்வார். மறுக்க வேண்டாம், விலை வைக்கலாம். அந்த எறிதல் நான்கு வெட்டுகளுக்கும் ஈடாகட்டும். சேதம் பதினான்கு பகடை, சராசரி 49. நான்கு வெட்டின் 48க்கு அது ஏறத்தாழச் சமம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் இருபது பகடைக்கு மேல் சேதமில்லை என்று ஆட்டமே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நாமும் அதைத் தாண்ட வேண்டியதில்லை. தூண் எறிவது இலாபம் அன்று, ஒரு தேர்வு, கதைக்கும் அழகு.

நான்காவது: சேதம் சரியா என்று ஐயம் வந்தால் வலிமையைப் பார்க்க வேண்டாம், சுற்றுகளை எண்ணுக. எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குழுவினர் அனைவரும் ஒரு சுற்றில் செய்யும் சேதத்தால் வகுத்தால் மூன்று முதல் ஐந்து வரை வர வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று வந்தால் போர் இல்லை. பத்து வந்தால் கொட்டாவி வரும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின் எங்கள் போர்களின் நீளம் மாறவில்லை. ஆனால் பாலம் இடிந்தாலும் கதவு அடைத்தாலும் எல்லாக் கண்களும் முதலில் அந்த வீரனின் பக்கம் திரும்புகின்றன.

ஒரே எண்ணிலிருந்து இரண்டு அளவுகள் பிறப்பதில் பிழையில்லை. இரண்டும் ஒரே வேகத்தில் ஏறவேண்டும் என்று நினைப்பதே பிழை. அடி எத்தனை சுற்று நீடிக்கிறது என்று பாருங்கள். சுமை எவரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல விடை கிடைக்கும் மேசையில், இருபதாம் நிலையிலும் ஐவரும் விளக்கு அணைக்கும் நேரம் வரை அமர்ந்திருப்பார்கள்.